பூச்சியின் சாதி

செடியில் வெள்ளையாக எது அப்பியிருந்தாலும் மாவுப்பூச்சி என்று ஒரே பேரில் முடித்துவிடுகிறார்கள். இலையில் இருந்தாலும் அதுதான், மண்ணுக்குள் வேரில் இருந்தாலும் அதுதான். எனக்கு அது அன்றைக்கும் ஒப்பவில்லை, இன்றைக்கும் ஒப்பவில்லை. கூடையில் கிடப்பதெல்லாம் மீன்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு கை விடுகிறவனுக்குக் கெளுத்தி முள் குத்தினால்தான் வித்தியாசம் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுதவும் நாள் கணக்கில் ஆகிறது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. எனக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். கடற்கரைக் குப்பத்தில் வீடு. எங்கள் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போவார். நான் கூடை சுமந்து கோட்டுச்சேரி வரைக்கும் நடந்து மீன் விற்றுவிட்டு வருவேன். அந்த வருஷம் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தலையில் சும்மாட்டை வைத்தாலே கண்ணை இருட்டிக்கொண்டு வரும். கூடை தூக்காத வேலை ஒன்று தேடினேன். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு முசே வீட்டில் தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன்.

முசே என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிட ஒரு பிடி கறுப்பு. வியட்நாமில் இருக்கிற சைகோனில் பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் காலமெல்லாம் பேனா பிடித்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவரை முசே என்றும் அவர் சம்சாரத்தை மதாம் என்றும்தான் கூப்பிட வேண்டும். அம்மா என்று கூப்பிட்டால் மதாமுக்குக் காது கேட்காது.

மற்றவர்கள் சைகோனிலிருந்து பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். இவர் மரப்பெட்டிகளில் கள்ளிச்செடி கொண்டுவந்தார். அறுபது தொட்டிக்கு மேல் இருக்கும். நம் வேலியில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி மாதிரி இல்லை. உருண்டையாகப் பந்து போல ஒன்று, பூனைவால் போல வளைந்து தொங்குவது ஒன்று, கூழாங்கல்லைப் பிளந்து வைத்தது போல ஒன்று, வரி வரியாகக் கோடு போட்ட குட்டிக் கற்றாழைகள். தண்ணீரைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் செடிகள். ஒவ்வொன்றுக்கும் தகரத் துண்டில் முசே பிரெஞ்சில் பேர் எழுதிச் செருகியிருந்தார். எனக்கு அது படிக்க வராது. நானே பேர் வைத்துக்கொண்டேன்.

தை மாதம் தொட்டிகளுக்கு மண் மாற்ற வேண்டும் என்றார் முசே. தோட்டத்துக் களிமண்ணைக் கொட்டப் போனார். நான்தான் தடுத்தேன். “அது தண்ணிய விடாதுங்க முசே. வேரு அழுகிப்போயிடும். எங்க வீட்டுக் கொல்லையில நல்ல மணல் இருக்கு, உப்பு ஏறாத மணல். நான் கொண்டாரேன்” என்றேன். எங்கள் வீட்டுப் பின்னால் கற்றாழையும் அருகம்புல்லுமாகக் கிடந்த இடம் அது. கழுத்து வலியோடு இடுப்பில் சுமந்து, நடை நடையாகக் கொண்டுவந்து, வேரைச் சுற்றியிருந்த கட்டியைக் கலைக்காமல் போட்டேன். ஒரே ஒரு தொட்டியை மட்டும் முசே தொட விடவில்லை. சைகோனில் அவருடைய பெரிய துரை கொடுத்த பெரிய உருண்டைக்கள்ளி அது, நீலப் பீங்கான் தொட்டியில் இருந்தது. அது அந்த ஊர்ச் செம்மண்ணிலேயே இருக்கட்டும் என்றார்.

பங்குனியில் செடிகள் சுருங்க ஆரம்பித்தன. பந்து போல இருந்தவை காற்றுப் போன மாதிரி ஒரு பக்கம் அமுங்கின.

“தண்ணி ஊத்துறியா இல்லியா?”

“ஊத்துறேங்க முசே.”

“அப்ப ஜாஸ்தியா ஊத்தியிருக்கே.”

“நீங்க குடுத்த கிண்ணத்துலதாங்க அளந்து ஊத்துறேன்.”

அவர் கோபத்தோடு ஒரு கள்ளியைப் பிடித்துத் தூக்கினார். பானையிலிருந்து மூடியை எடுத்த மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. இருந்த இரண்டு மூன்று நாரிலும் வெள்ளை அப்பியிருந்தது.

“என்னடி இது? சுண்ணாம்பு கொட்டினியா?”

நான் ஒரு துணுக்கை நகத்தில் எடுத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். “சுண்ணாம்பு நடக்குமாங்க முசே? இது நடக்குது பாருங்க.”

அதற்குள் மதாம் வந்துவிட்டார். முகவாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். “சைகோன்ல இத்தன வருஷம் ஒரு பூச்சி உண்டா? இவ மண்ணக் கொட்டினா, பூச்சி வந்துது. குப்பத்து மண்ணு, வேற எப்படி இருக்கும்? உங்க சாதிசனம் பொழங்குற எடந்தானே?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மதாம், மொதல்ல பூச்சி என்ன சாதின்னு பாப்போம். என் சாதிய அப்புறமா பாத்துக்கலாம்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம் இருந்தது. ஏனென்றால் எங்கள் கொல்லையில் புல்லைப் பிடுங்கும்போது வேரில் வெள்ளையாக அப்பியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டுப் பேசியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

“எங்க கொல்லையிலயும் வேருல வெள்ளையாப் பூச்சி உண்டுங்க முசே. நான் பாத்திருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானா வேறயான்னு எனக்குத் தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன்.”

“ஒத்துக்கிட்டா பாருங்க!” என்றார் மதாம்.

“ஒத்துக்கல. பாக்குறேன்னு சொல்றேன். எங்க வீட்டுப் பூச்சிதான்னா நானே சொல்லிட்டு இந்த வாசப்படிய எறங்கிடுறேன்.”

முசே கோர்ட்டில் இருந்தவர். ஒரு வாரம் வாய்தா கொடுத்தார்.

எங்கள் கரையில் வலையை இழுத்துக் கொட்டினால் பெரிய மீனை ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் கிடக்கிற பொடிக் குவியலைப் பெண்கள் நாங்கள்தான் பிரிப்போம். எல்லாம் வெள்ளி நிறத்தில் விரல் நீளத்தில் கிடக்கும். புதிதாக வருகிறவள் நீளத்தைப் பார்த்தும் நிறத்தைப் பார்த்தும் பிரிப்பாள், திட்டு வாங்குவாள். நாங்கள் வாயைப் பார்ப்போம், ஓரத்தைப் பார்ப்போம், வாலைப் பார்ப்போம். நெத்திலிக்கு வாய் மூக்குக்குக் கீழே கிழிந்திருக்கும், சாளைக்குஞ்சுக்கு அப்படி இருக்காது. காரைப்பொடியை வாயைப் பிடித்து இழுத்தால் ஒரு சாதிக்கு மேல்நோக்கி நீளும், ஒரு சாதிக்குக் கீழ்நோக்கி நீளும். பார்க்க இரண்டும் அக்கா தங்கை மாதிரித்தான் இருக்கும்.

பூச்சியையும் அப்படித்தான் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். எங்கள் கொல்லையிலிருந்து கற்றாழை வேரும் புல் வேரும் மண்ணோடு கொண்டுவந்தேன். தொட்டியிலிருந்து எடுத்த வேரை இந்தப் பக்கம் வைத்தேன். வெள்ளைப் பூச்சியை வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்க்க முடியாது. மதாம் கழித்துப்போட்ட தோசைக்கல் ஒன்று கிடந்தது, அதில் கொட்டினேன். முசே தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கொடுக்கும்போதே “கீழ போட்டே, அவ்வளவுதான்” என்றும் சொன்னார்.

மேலே இருந்த மாவு எதையும் பார்க்க விடவில்லை. தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடியது. மண்ணெண்ணெய் தொட்டேன், பூச்சி குழைந்துபோயிற்று. பிறகு ஒன்று தோன்றியது.

“முசே, ஒங்க பிராந்தி கொஞ்சம் குடுங்க.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பூச்சிக்கா, உனக்கா?”

“பூச்சிக்குத்தாங்க. எனக்குன்னா எங்க வீட்டுக்காரரு பங்குலயே எடுத்துக்க மாட்டேனா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடியில் ஊற்றிக் கொடுத்தார். துடைப்பக் குச்சியால் ஒரு சொட்டு வைத்தேன். மாவு ஒதுங்கி உடம்பு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதிக் காட்ட முடியவில்லை. யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் பார்த்தேன். கழுத்து வலி தெரியவில்லை. நான்கு சாதி என்று முடிவு செய்தேன். எங்கள் கொல்லையில் இரண்டு. ஒன்று வட்டமாக, மாவுக்கு அடியில் ரோஜா நிறத்தில் இருக்கும், சுற்றி ஓரமெல்லாம் பாவாடைக்குக் குஞ்சம் வைத்த மாதிரி வெள்ளை நூல் நூலாக நீட்டியிருக்கும். அதைக் குஞ்சம் என்றேன். அதோடு கூடவே குஞ்சம் இல்லாமல் சின்னதாக ஒன்று, அது மொட்டை. தொட்டியில் இரண்டு. உடைந்த அரிசி போல நீளவாக்கில், வெளுத்த உடம்போடு, ஓரத்தில் ஒன்றுமே இல்லாமல் ஒன்று, அது குருணை. அதன் மீசை இரண்டும் முழங்கையை மடக்கின மாதிரி மடங்கியிருக்கும். அதைவிடச் சின்னதாகக் கண்ணுக்கே தெரியாமல் ஓடுவது ஒன்று, அது பொடி.

முசே நோட்டை எடுத்து நான்கையும் எழுதிக்கொண்டார். “அப்ப ஒங்க வீட்டு ரெண்டும் வேற, எங்க தொட்டி ரெண்டும் வேறங்கிற?”

“ஆமாங்க முசே.”

அவருக்குப் பாதி நம்பிக்கை வந்திருந்தது. அது முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவர் சிநேகிதர் ஒருவர் வந்தார். வெளியூரில் காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். முசே அவரிடம் தோசைக்கல்லைக் காட்டி, நான் பிரித்து வைத்திருந்ததையும் காட்டினார்.

வாத்தியார் பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தார். “நாலா? யாரு சொன்னா?”

“நான்தாங்க” என்றேன்.

“இந்தாம்மா, சின்னது பெருசோட குட்டி. குட்டிக்கெல்லாம் தனித்தனியாப் பேரு வச்சிருக்கியே, ஒனக்குப் புள்ள பொறந்தா அத வேற சாதிம்பியா?”

மதாம் கைகொட்டிச் சிரித்தார். வாத்தியார் முசே பக்கம் திரும்பினார். “எல்லாம் ஒண்ணுதான். மண்ணுல வர்ற மாவுப்பூச்சி. புது மண்ணுல வந்திருக்கும்.”

எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. நான் செய்த தப்பு என்னவென்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கரையில் மீன் குஞ்சாக இருக்கும்போது ஒரு பேர், அதுவே முழ நீளம் வளர்ந்தால் வேறு பேர். பேர் வேறு, விலை வேறு, வாங்குகிற ஆளும் வேறு. பிறந்ததிலிருந்து அப்படிச் சொல்லிச் சொல்லி, சின்னதைக் கண்டால் தனிப் பேர் வைக்கிறது எங்களுக்கு வாயிலேயே ஊறிப்போன பழக்கம். அதே பழக்கத்தில் பூச்சிக்கும் வைத்துவிட்டேன்.

ஆனால் அதில் தப்பினால் எல்லாமே தப்பா? “குட்டி வெவகாரம் நீங்க சொல்றது சரியா இருக்கலாங்க. குஞ்சம் வச்சதும் குருணையும் ரெண்டும் பெருசு. அது எப்படிங்க ஒண்ணாவும்?” என்று கேட்டேன்.

“எல்லாம் ஒண்ணுதாம்மா. போயி வேலையப் பாரு.”

“வேலையா? நாளையிலேருந்து இவ வர வேணாம்” என்றார் மதாம். முசே நோட்டை மூடினார்.

வேலை போனது பெரிதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வீடு ஒரு மரைக்காயர் வீடு. அந்த வீட்டம்மா ரோஜாச் செடிகளுக்கும் மருதாணிக்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், என்னிடமே இரண்டு தடவை கேட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அங்கே போனேன். அவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

“நீ நல்ல புள்ளதாம்மா. ஆனா முசே வந்து சொல்லிட்டுப் போனாரு. நீ கால் வச்சா செடிக்குச் சீக்கு வருதாமே. அல்லா அறிய எனக்கு ஒண்ணும் தெரியாது. என் ரோஜா அம்புட்டும் எங்க வாப்பா வச்சது.”

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முசே மேல்தான். வேலையை விட்டு நிறுத்து, அது உன் இஷ்டம். வீடு தேடிப் போய்ப் பேரைக் கெடுக்க நீ யார்? அந்தத் தெரு முழுக்க இனி நான் சீக்கு கொண்டுவருகிறவள். மீன் கூடையும் தூக்க முடியாது. நான் சுமந்து கொடுத்த மணலையே என் மேல் கொட்டிவிட்டார்கள்.

திரும்பும்போது முசே வீட்டுக் குப்பைமேட்டில் செத்த கள்ளி கிடந்தது. அதன் வேரை முறித்து வாழைச்சருகில் சுருட்டிக்கொண்டேன்.

வீட்டில் இருந்த கண்ணாடி டம்ளர் இரண்டே இரண்டு. இரண்டையும் எடுத்தேன். நெருப்பில் வறுத்து ஆறவைத்த மணலைப் போட்டு, வேர் கண்ணாடியை ஒட்டித் தெரிகிற மாதிரி, நன்றாகக் கழுவிய கற்றாழைக் கன்று ஒன்றொன்று நட்டேன். ஒன்றில் குஞ்சத்தை விட்டேன், ஒன்றில் குருணையை விட்டேன். பெரியதில் ஐந்தாறு மட்டும்தான், சின்னது ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி விட்டேன். வெளிச்சம் படாமல் துணி சுற்றி, ஒன்றை வீட்டின் இந்த மூலையிலும் ஒன்றை அந்த மூலையிலும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். ஒன்றில் இருப்பது மற்றதற்கு நடந்து போய்விடக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்து கேட்டார். “டம்ளர் எங்க?”

“பூச்சி இருக்கு.”

“டீத்தண்ணி எதுல குடிக்கிறது?”

“சட்டியில குடி.”

“ஊருல மாடு வளக்குறான், கோழி வளக்குறான். என் பொண்டாட்டி பூச்சி வளக்குறா” என்று சொல்லிக்கொண்டு சட்டியிலேயே குடித்தார். தினமும் துணியை நான் பிரிக்கும்போது அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பூதக்கண்ணாடி இல்லை. வெயிலில் வைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்போம்.

முதலில் குருணை டம்ளரில் மாற்றம் தெரிந்தது. கண்ணாடியை ஒட்டி, வேர் ஓரமாக, பஞ்சு வைத்தது போல ஒரு திட்டு. வெள்ளையில் லேசாக நீலம் ஓடியது. குச்சியால் கிளறினேன், உள்ளே முட்டை. குஞ்சம் டம்ளரில் அந்தப் பஞ்சே இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பெரியதின் வயிற்றுக்கடியிலிருந்து பொடிப் பொடியாக உயிரோடு ஊர்ந்து வெளியே வருகின்றன.

எங்கள் வீட்டுக்காரர்தான் அதைச் சொன்னார். “இது சுறா மாதிரில்ல, குட்டி போடுது.”

நான் அவரைப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்றுவிட்டேன். சுறாவுக்கும் மற்ற மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எங்கள் கரையில் கிடையாது. ஒன்று குட்டி போடும், ஒன்று முட்டை போடும்.

உடனே ஓடவில்லை. பாதி பார்த்துவிட்டு ஓடியதால்தான் ஒரு தடவை பட்டேன். இன்னும் இருந்து பார்த்தேன். குருணையின் முட்டை பொரிந்தது. பொரிந்து வந்தது நான் பொடி என்று பேர் வைத்ததேதான். குஞ்சத்தின் குட்டி, நான் மொட்டை என்று சொன்னது. அது வளர வளர ஓரத்தில் நூல் வைத்தது, முதலில் வால் பக்கம் இரண்டு, பிறகு சுற்றிலும். பொடி வளர்ந்து குருணையானது. அதற்குக் கடைசி வரைக்கும் ஓரத்தில் ஒரு நூல் வரவில்லை. அப்போது ஒன்று தெளிந்தது. சாதி பிரிக்க வேண்டுமானால் குட்டியைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. தாயைத் தாயோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டு டம்ளரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு முசே வீட்டுப் படியேறினேன். மதாம் வழியில் நின்றார்.

“யாரு ஒன்ன வரச் சொன்னா?”

“யாரும் சொல்லல மதாம். நானாத்தான் வந்தேன்.”

முசே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு மாதத்தில் இளைத்திருந்தார். அவருக்குப் பின்னால் மேடையில் பாதித் தொட்டிகள் காலியாக இருந்தன.

“முசே, மொதல்ல என் தப்பச் சொல்லிடுறேன். நாலு சாதின்னேன், நாலு இல்ல. மொட்டையும் பொடியும் குட்டிங்கதான். வாத்தியாரு சொன்னது சரி.”

மதாம் வாயைத் திறந்தார். நான் நிறுத்தவில்லை.

“ஆனா ஒண்ணுன்னு அவர் சொன்னது தப்பு. சாதி ரெண்டு. இது குட்டி போடுது. இது பஞ்சு வச்சு முட்டை போடுது. குட்டி போடுறதும் முட்டை போடுறதும் எப்படிங்க ஒரே சாதியா இருக்கும்? கண்ணாடிய எடுத்துட்டு வாங்க, பாருங்க.”

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு டம்ளரிலிருந்து மற்ற டம்ளருக்கும், திரும்ப முதல் டம்ளருக்குமாக. கோர்ட்டில் இருந்த மனுஷன், விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “சரி, ரெண்டுன்னே வச்சுக்குவோம். ஒங்க கொல்லையில ரெண்டுமே இருந்திருக்கலாம். ஒன் கண்ணுல பட்டது ஒண்ணுதான்னு நான் சொன்னா?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரு மாதமாக அதை வாயில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அந்த நீலத் தொட்டியில என் மண்ணு ஒரு பிடி கெடையாது. நீங்கதான் தொட விடல. அதக் கவுருங்க. உள்ள ஒண்ணுமில்லன்னா, பூச்சி என் மண்ணுல வந்துதுதான். நான் போயிடுறேன், இந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன். உள்ள இருந்துதுன்னா அது சைகோன்லேருந்து கப்பல் ஏறி வந்துது.”

“அதத் தொடக் கூடாது” என்றார் மதாம்.

முசே அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய பூசணிக்காய் அளவு, பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அவர் நினைப்பது எனக்குப் புரிந்தது. கவிழ்க்காமல் இருந்தால் அது நல்ல செடியாகவே இருக்கும். எனக்கும் பயம்தான். வெறும் வேராக இருந்துவிட்டால் என் கதை அங்கேயே முடிந்தது. ஆனாலும் நான் கண்ணைக் கீழே இறக்கவில்லை.

அவரே ஒரு சாக்கை எடுத்துவந்து கள்ளியைச் சுற்றிப் பிடித்தார். தொட்டியைச் சாய்த்து விளிம்பில் தட்டினார். இரண்டாவது தட்டில் செம்மண் கட்டியாக நழுவி வந்தது. தொட்டியின் உள்பக்கம், மண் ஒட்டியிருந்த இடமெல்லாம், திட்டுத் திட்டாக நீலம் ஓடிய பஞ்சு. மண் கட்டியைச் சுற்றி ஓடிய வேர் முழுக்க அதேதான். நான் தொடவில்லை. அவரே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“குருணை” என்றார். நான் வைத்த பேரைத்தான் சொன்னார்.

“ஓரத்துல நூல் இருக்காங்க?”

“இல்ல.”

“ரோஜாக் கலரு?”

“இல்ல. இல்ல.”

மதாம் நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப நம்ம ஊட்டுப் பூச்சியா?” என்று யாரையோ கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஆமாங்க மதாம். உங்க ஊட்டுப் பூச்சிதான்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்க நிறைய இருந்தது.

முசே கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். “சரி. நாளைக்கு வேலைக்கு வந்துடு.”

“வர மாட்டேங்க.”

“ஏன்? அதான் சொல்லிட்டேன்ல?”

“என்கிட்ட சொல்லி என்னங்க ஆவும்? எனக்குத்தான் தெரியுமே. மரைக்காயர் வீட்டுல போயி நான் கால் வச்சா செடிக்குச் சீக்குன்னு சொன்னீங்கல்ல? அங்க போயிச் சொல்லுங்க. சொன்ன வாயால சொல்லுங்க.”

“நீ யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா?” என்று மதாம் எழுந்தார். முசே அவரைக் கையமர்த்தினார். உள்ளே போனார். நான் டம்ளர்களோடு அப்படியே நின்றேன். அவர் வரும்போது கோட்டுப் போட்டிருந்தார், தொப்பியும் வைத்திருந்தார். அந்தச் சித்திரை வெயிலில் அடுத்த வீட்டுக்குப் போகக் கோட்டு எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது. கோர்ட்டுக்குப் போகிற நினைப்போ என்னவோ.

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். மரைக்காயர் வீட்டு வாசலில் கதவைத் தட்டினார். வீட்டம்மா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் வந்தார்கள், மரைக்காயரும் உள்ளேயிருந்து வந்தார். சைகோனில் கடை வைத்திருந்தவர் அவர், பிரெஞ்சு தெரியும். முசே தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் ஆரம்பித்தார். தஸ்ஸு புஸ்ஸென்று இரண்டு வரி போயிருக்கும்.

“தமிழ்ல சொல்லுங்க முசே” என்றேன் தெருவிலிருந்து. “அம்மாவுக்கும் வெளங்கணும், எனக்கும் வெளங்கணும்.”

அவர் கழுத்து சிவந்ததா என்று கறுப்பில் தெரியவில்லை. தமிழுக்கு மாறினார்.

“அன்னிக்கு நான் இந்தப் பொண்ணப் பத்திச் சொன்னது தப்புங்க. பூச்சி இவ கொண்டு வந்ததில்ல. சைகோன்லேருந்து நான் கொண்டு வந்தது. வேற சாதிப் பூச்சி. இவதான் பிரிச்சுக் காட்டுனா.”

மரைக்காயர் “அப்படியா” என்றார். வீட்டம்மா கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார்கள். “ஏம்மா, வெயில்ல நிக்கிறே, உள்ள வாயேன்” என்றார்கள் என்னைப் பார்த்து. “எப்ப வர்றே, ரோஜாவப் பாக்க?”

“சாயங்காலம் வர்றேங்க. காலையில முசே வீட்டுல வேலை இருக்கு.”

மறுநாள் விடிந்ததும் போய், உயிரோடு இருந்த தொட்டிகளை எல்லாம் ஒன்று விடாமல் கவிழ்த்தேன். பழைய மண்ணை ஓரத்தில் குவித்து, மேலே சருகு போட்டு எரித்தேன். தொட்டிகளை வெந்நீரில் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு செடியின் வேரையும் அலசி, அழுகியதை வெட்டி, நிழலில் காயப் போட்டேன். முசே முழங்காலில் உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் பெரிய கள்ளியின் வேரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மண்ணுக்கு என்ன பண்றது?” என்றார்.

“எங்க கொல்லையில இருக்குங்க” என்றேன். “வறுத்துக் கொண்டாரேன். ஆனா இந்தத் தடவ நான் சுமக்க மாட்டேன். வண்டி அனுப்புங்க.”

அனுப்பினார்.